போணி ஆவட்டும்

காலையில் அவரிடம் எதைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும். "போணி ஆவட்டும்."

டீ சொல்லட்டுமா சார்? போணி ஆவட்டும். முதலாளி லைனில் இருக்கிறார் சார். போணி ஆவட்டும். பின்பக்கம் குழாய் உடைந்து தண்ணீர் கொட்டுகிறது. அதற்கும் அதேதான். அன்றைய முதல் வியாபாரம் நடந்து, முதல் காசு கையில் விழுந்து, அதைக் கண்ணில் ஒற்றிக் கல்லாவில் போடும்வரை பொழுது விடிந்ததாகவே அவர் ஒத்துக்கொள்ள மாட்டார்.

தி. நகரில் உஸ்மான் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில் எங்கள் கடை இருந்தது. இப்போது அங்கே செல்போன் உறை விற்கிறார்கள். அப்போது வெளிநாட்டுச் சாப்பாட்டுச் சாமான்கள் விற்றோம்: இத்தாலி சேமியா, டப்பாவில் அடைத்த மீன், ஆலிவ் காய், வாய்க்குள் நுழையாத பெயருள்ள பாலாடைக்கட்டிகள். அந்தக் கடையின் மேனேஜர் அவர். குள்ளம். வெள்ளை அரைக்கைச் சட்டை, பாக்கெட்டில் எப்போதும் ஒரு சீப்பு. பிறந்தது சைதாப்பேட்டை ஆற்றோரம், குடியிருந்தது மேற்கு மாம்பலம். பாத்திரக் கடை, ஜவுளிக் கடை என்று இந்தப் பக்கத்திலேயே வேலை பார்த்து முடி நரைத்தவர். தான் விற்கிற சாமான் ஒன்றையும் வாயில் வைக்க மாட்டார். "இத்தையெல்லாம் துட்டு குடுத்து வாங்கித் துன்றாங்களே" என்று அதிசயப்படுவார், வாடிக்கையாளர் போன பிறகு.

போணி பார்க்காத கடைக்காரர் இந்த ஊரில் யார்? ஆனால் மற்றவர்களுக்கு முதல் காசு வந்தால் போதும். இவருக்கு அது யார் கையிலிருந்து வருகிறது என்பதுதான் எல்லாமே. ஷட்டரைப் பாதி தூக்கி வைத்துவிட்டுப் படியில் நிற்பார். நிற்பார் என்று சொல்வதுகூடத் தப்பு. இறங்குவார், ஏறுவார், சந்தின் முனைவரை போய் எட்டிப் பார்த்துவிட்டு வருவார். பிடிக்காத ஆள் வந்தால் வியாபாரமே நடக்காது. அடுத்த தெருவில் ரிடையர்டு அதிகாரி ஒருவர் இருந்தார். பாட்டில் பாட்டிலாக எடுத்து விலை படித்துவிட்டு எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போகிறவர். அவர் தலை தெரிந்தாலே எங்கள் மேனேஜர், "கரண்ட் இல்ல சார், பில்லு போட முடியாது" என்று கையை விரிப்பார். தலைக்கு மேல் ஃபேன் சுற்றிக்கொண்டிருக்கும்.

போனில் பணம் அனுப்புகிற காலம் வந்தது அவருக்குப் பெரிய பேஜாராகிவிட்டது. கையில் படாத காசு போணியில் சேருமா? ஒரு நாள் ஐடி கம்பெனிப் பையன் ஒருவன் முதல் ஆளாக வந்தான். நல்ல முகவெட்டு, நெற்றியில் விபூதி, எல்லாப் பொருத்தமும் இருந்தது. பர்ஸ்தான் இல்லை. மேனேஜர் தன் பாக்கெட்டிலிருந்து பத்து ரூபாயை எடுத்து அவனிடம் கொடுத்து, "இத்த எனக்குக் குடு நைனா" என்றார். அவன் பயந்துபோய்க் கொடுத்தான். இவர் கண்ணில் ஒற்றிக்கொண்டார். மீதியைப் போனில் அனுப்பினால் போதும் என்று பெருந்தன்மையாக அனுமதியும் கொடுத்தார்.

எனக்கும் ரொம்ப காலம் இதெல்லாம் சிரிப்பாகத்தான் இருந்தது. சிரிக்காமல் என்ன? அவர் தேடி அலைந்த அந்த ராசியான கை என்னுடையதாக இருந்தது.

கணக்கு எழுதுகிற வேலைக்கு ஆள் தேவை என்று போர்டு பார்த்து, மயிலாப்பூரிலிருந்து பஸ் பிடித்துப் போயிருந்தேன். பாதி ஷட்டருக்குக் கீழே குனிந்து உள்ளே போனதும், சும்மா நிற்கக் கூச்சப்பட்டு ஒரு சூயிங்கம் வாங்கினேன். அன்று மத்தியானம் ஏதோ கம்பெனிக்காரர் வந்து, கடையில் இருந்த தீபாவளிப் பரிசுப் பெட்டிகள் அத்தனையையும் அள்ளிக்கொண்டு போனார். வேலை எனக்குக் கிடைத்தது என் படிப்பால் இல்லை. மறுநாள் காலையில் நான் வரும்போது மேனேஜர் படியிலேயே கையை நீட்டிக்கொண்டு நின்றார். "வாம்மா மகராசி, ஒரு பத்து ரூவா குடு."

அன்றிலிருந்து, பஸ் தாமதமான நாள் தவிர, தினமும் நான் பத்து ரூபாய் கொடுத்துச் சூயிங்கம் வாங்குவேன். மென்று தாடை வலித்ததால் டிராயரில் சேர்த்து வைத்தேன். லீவு போட்டால் போன் வரும். "ஜுரமா? ஆட்டோ அனுப்பறேன், ஒரு நிமிசம் எட்டிப் பாத்துட்டுப் போயிடேன்." அவர் மகள் கல்யாணத்துக்கு முதல் சாமானாக உப்பும் மஞ்சளும் வாங்கப் போனபோதுகூட அவர் மனைவியோடு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். உப்புப் பாக்கெட்டை என் கையால் எடுத்துக் கூடையில் போடச் சொன்னார். "இவ எடுத்தா அது தங்கம்" என்று கடைக்காரரிடம் பெருமை பேசினார். என்னை ஒருவர் அப்படிக் கொண்டாடியது எனக்குப் பிடித்திருந்தது. அதை மறைக்க மாட்டேன்.

பிறகு என் கணவர் இறந்துபோனார். ஆபீசில் லிஃப்டுக்காகக் காத்துக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தாராம். முப்பத்தெட்டு வயது.

காரியமெல்லாம் முடிந்து நான் வேலைக்குத் திரும்பிய நாள், ஷட்டர் முழுதாகத் திறந்திருந்தது. உள்ளே யாருக்கோ பில் போட்டுக்கொண்டிருந்தார்கள். படியில் யாரும் நிற்கவில்லை.

"வாம்மா" என்றார். மகராசி இல்லை. என் மேஜையை ஏசிக்கு நேராக இழுத்துப் போட்டிருந்தார். சூடாகப் பால் வந்தது. அவரே ஆற்றிக் கொடுத்தார். இதை நான் நியாயமாகச் சொல்லியாக வேண்டும்: அந்த ஒரு வருஷம் எனக்காக அந்த மனிதர் அலைந்த அலைச்சலை என் கூடப்பிறந்தவர்கள் யாரும் அலையவில்லை. வாரிசுச் சான்றிதழுக்குத் தாலுகா ஆபீசில் கால் கடுக்க நின்றது அவர். இன்சூரன்ஸ்காரர்களிடம் சட்டைக் கையை மடித்துக்கொண்டு சண்டைக்குப் போனது அவர். கரண்ட் பில்லைப் பெயர் மாற்றியது அவர். ஒரு மழை நாளில் வீட்டுக்கு வந்து, மாடித் தண்ணீர்த் தொட்டியின் மூடியைக் கயிற்றால் கட்டிக்கூடக் கொடுத்துவிட்டுப் போனார்.

ஆனால் போணி மட்டும் நான் வருவதற்கு முன்னாலேயே முடிந்திருக்கும். கடை திறக்கும் நேரத்தையே அதற்காக முன்னுக்குத் தள்ளிவிட்டார். ஒரு நாள் பஸ் சீக்கிரம் கிடைத்து நான் சந்துக்குள் நுழைந்தேன். அவர் படியில் இறங்கி ஏறிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தார். பார்த்த மாத்திரத்தில் எதையோ மறந்தவர் மாதிரி நெற்றியைத் தட்டிக்கொண்டு உள்ளே போனார், ஷட்டர் முழங்கால் உயரத்துக்கு இறங்கியது. நான் எதிர் டீக்கடையில் நின்றேன். ஷட்டர் மறுபடி பாதி ஏறி, வேறு ஒருவர் குனிந்து உள்ளே போய்ப் பையோடு வெளியே வந்த பிறகுதான் போனேன். அதன்பின் பஸ் சீக்கிரம் வந்தால் விட்டுவிட்டு அடுத்ததில் ஏறக் கற்றுக்கொண்டேன்.

இதில் என்னைத் தூங்க விடாமல் செய்தது எது என்றால், அவர் கெட்டவர் இல்லை என்பதுதான். கெட்டவராக இருந்தால் ஒரு நாள் நாலு வார்த்தை கேட்டுவிட்டு வேறு வேலை தேடியிருப்பேன். பாலை ஆற்றிக் கொடுத்த கையை எப்படிக் கேட்பது? ஆனாலும் எனக்கு அந்தப் படியில் என் இடம் திரும்ப வேண்டும் போலிருந்தது. இல்லையென்றால், என் கை இப்போது ஆகாது என்று என் முகத்துக்கு நேராக அவர் ஒரு தரம் சொல்லவாவது வேண்டும். இரண்டில் ஒன்று.

அந்தச் சமயத்தில்தான் நந்தம்பாக்கத்தில் சர்வதேச உணவுக் கண்காட்சி வந்தது.

முதலாளிக்கு எங்கள் கடைமேல் நம்பிக்கை தேய்ந்துபோயிருந்தது. கண்காட்சிக்குக் கிரேக்க நாட்டிலிருந்து பத்துப் பன்னிரண்டு உற்பத்தியாளர்கள் வருகிறார்கள், அதில் ஒரு குடும்பத்தின் சரக்கை இங்கே விற்க நம் கடையோடு பேச்சு நடக்கிறது, அவர்கள் ஸ்டாலை மூன்று நாளும் நீங்கள்தான் கவனித்துக்கொள்ள வேண்டும் என்று எங்கள் இருவரையும் அனுப்பினார். "ஒரு பெரிய ஹோட்டல் ஆர்டராவது வாங்கிட்டு வாங்க. இதுலயும் ஒண்ணும் நடக்கலன்னா ஷட்டரை இறக்கி வாடகைக்கு விட்டுடறேன்" என்றும் சொன்னார். மேனேஜர் அதைக் கேட்டுவிட்டு வெளியே வந்து சீப்பை எடுத்துத் தலையை வாரினார், வாரிக்கொண்டே இருந்தார். "இந்த வயசுல என்ன எவன் சேத்துக்குவான்?" என்று கேட்டார். என்னைத்தான் கேட்டாரா என்று தெரியவில்லை.

கிரேக்கர்களுடைய வரிசை முழுக்க நீலமும் வெள்ளையுமாகத் துணி கட்டியிருந்தார்கள். ஒருவர் தேன் வைத்திருந்தார். ஒருவர் திராட்சை இலையில் சோற்றைச் சுருட்டி டப்பாவில் அடைத்திருந்தார். ஒருவர் ஏதோ மரத்துப் பிசினைக் கொடுத்து மெல்லச் சொன்னார், வாயெல்லாம் கோயில் வாசனை அடித்தது. எங்களுடையவர்கள் ஓர் அக்காவும் தம்பியும். சொந்தத் தோப்பு, சொந்தச் செக்கு. ஆலிவ் எண்ணெய், உப்பு நீரில் ஊறிய ஆலிவ் காய், ஆட்டுப்பால் பாலாடைக்கட்டி. தம்பிக்கு இங்கிலீஷ் வரும். அக்காவுக்கு வராது. அறுபது வயதுக்கு மேலிருக்கும், தலை முதல் கால் வரை கறுப்பு உடை, நல்ல உயரம். பாட்டில்களை அடுக்கிய வேகத்தைப் பார்த்தால் எந்தக் கடையிலும் மேனேஜர் வேலை கொடுப்பார்கள்.

முதல் நாள் காலை பத்து மணிக்குக் கதவு திறக்கப் போகிறது. தட்டுகளில் ருசி பார்க்கத் துண்டு துண்டாக எல்லாம் தயார். எங்கள் மேனேஜர் ஒரு மேஜைத் துணியை எடுத்து அத்தனை தட்டையும் மூடினார்.

"ஏன் மூடுகிறார்?" என்று தம்பி என்னிடம் கேட்டார்.

"சார், என்ன பண்றீங்க?"

"போணி ஆவாம ஓசில குடுக்கறதா? நல்லா கீதே நாயம்! மொதல் சரக்கே தர்மத்துல போனா அப்பால நாள் பூரா தர்மந்தான்."

"இங்க விக்கக் கூடாது சார். நேரடி விற்பனை கிடையாதுன்னு வாசல்லயே எழுதிப் போட்டிருக்கான். சாம்பிள் மட்டும்தான்."

அவருக்கு முகம் வெளிறிவிட்டது. விற்க முடியாத இடத்தில் எப்படிப் போணி பண்ணுவது? ஸ்டாலுக்குள் இருந்த நாலடி இடத்தில் முன்னும் பின்னும் நடந்தார். வெளியே போய்ப் பக்கத்து ஸ்டாலை எட்டிப் பார்த்தார், திரும்பி வந்து துணியைச் சரி செய்தார். கூட்டம் உள்ளே வர ஆரம்பித்துவிட்டது. தம்பி கடிகாரத்தைப் பார்த்தார். வேறு வழியில்லாமல் எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் விளக்கினேன்: முதல் காசு வாங்காமல் எங்கள் ஊரில் கடை தொடங்க மாட்டோம், இவர் அதில் கொஞ்சம் அதிகம். மானம் போகிறது என்று நினைத்துக்கொண்டேதான் சொன்னேன்.

தம்பி அதை அக்காவிடம் அவர்கள் மொழியில் சொன்னார். அந்த அம்மாள் கையிலிருந்த கத்தியை வைத்துவிட்டு, மேஜையை ஓங்கித் தட்டிச் சிரித்தார். அவர்கள் ஊர்ச் சந்தையிலும் இது உண்டாம். அவருடைய அப்பா முதல் காசு வாங்காமல் தராசைத் தொட மாட்டாராம். வாங்கிய காசின்மேல் கண் படாமலிருக்க லேசாகத் துப்பி, நெஞ்சில் சிலுவைக் குறி போட்டுக்கொண்டுதான் பெட்டியில் போடுவாராம். சொல்லிக்கொண்டே அந்த அம்மாள் தன் பையிலிருந்து ஒரு காசை எடுத்தார். துப்புவது போல வாயைக் குவித்து மூன்று தரம் ஊதினார். மேனேஜர் கையில் வைத்தார். பதிலுக்கு ஒரே ஒரு ஆலிவ் காயை எடுத்துத் தானே வாயில் போட்டுக்கொண்டார். விற்பனை நடக்காமல் கண்காணிக்கிற மேற்பார்வைக்காரர் நல்லவேளையாக அடுத்த வரிசையில் இருந்தார்.

மேனேஜருக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. "பாத்தியாம்மா! உலகம் பூரா கீது! நான் சொன்னா நீ சிரிக்கற!" காசைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு துணியைத் தூக்கினார்.

அன்று கூட்டமான கூட்டம். ஆலிவ் எண்ணெய் என்றாலே குழந்தைக்குத் தேய்க்கிற சின்ன டப்பாதான் நம்மவர்களுக்கு நினைவு வரும். ஒருவர் ருசி பார்க்கக் கொடுத்த எண்ணெயை வாங்கி முழங்காலில் தேய்த்துக்கொண்டு, "வலி போகுமா?" என்று கேட்டார். அந்த அம்மாள் முதலில் திகைத்தார், பிறகு தன் முழங்காலையும் காட்டி, கொஞ்சம் ஊற்றித் தேய்த்துவிட்டுக்கொண்டார். ஆலிவ் காயைக் கடித்த ஒரு மாமி, "ஊறுகாய்க்குக் காரம் போட மறந்துட்டாளா?" என்று என்னிடம் ரகசியமாக விசாரித்தார். ஆனாலும் சாயங்காலத்துக்குள் பல கடைக்காரர்கள் விலாசம் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

"அந்தம்மா கை இன்னா கைம்மா!" என்று மேனேஜர் பூரித்துப்போனார். "மாலை போட்டுக்கினு கீறாங்களா, ஒரே கறுப்பா கீதே?"

சபரிமலைக்கு விரதம் என்று நினைத்துவிட்டார். எனக்கு விஷயம் தெரியும். மத்தியானம் டீ குடிக்கும்போது தம்பி சொல்லியிருந்தார்: அக்காவின் கணவர் இறந்து பல வருஷமாகிறது, அன்றிலிருந்து கறுப்புதான், அவர்கள் பக்கத்துக் கிராமங்களில் வயதானவர்கள் அப்படித்தான். மேனேஜரிடம் நான் அதைச் சொல்லவில்லை. "தெரியல சார்" என்றேன்.

இரண்டாம் நாளும் அதே கையால்தான் போணி. அன்று இன்னும் அமோகம். சாயங்காலம் ஒரு பெரிய ஹோட்டலின் கொள்முதல் அதிகாரி, ஒரு பெண்மணி, வந்து எண்ணெயை ருசி பார்த்துவிட்டு, நாளைக் காலை தலைமைச் சமையல்காரரோடு வந்து முடிவு சொல்வதாகச் சொன்னார். மேனேஜர் வீட்டுக்குப் போகும்போது ஆட்டோவில் பாட்டுப் பாடினார். நான் வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். இரண்டு நாளாக அவர் கொண்டாடுகிற கையும் என் கையும் ஒன்றுதான், அது அவருக்குத் தெரியாது. வீட்டுக்குப் போயும் உட்கார முடியவில்லை. பாத்திரம் தேய்த்ததையே மறுபடி தேய்த்தேன்.

மூன்றாம் நாள் காலை. அவர் புதுச் சட்டை போட்டு வந்திருந்தார். தட்டுகள் துணிக்கடியில் இருந்தன. ஹோட்டல் பெண்மணியும் தொப்பி போட்ட சமையல்காரரும் வரிசையின் தொடக்கத்தில் தேன் ஸ்டாலில் நிற்பது தெரிந்தது. மேனேஜர் அந்த அம்மாள் முன்னால் போய் உள்ளங்கையை நீட்டினார். அந்த அம்மாள் பையைத் திறந்தார்.

"சார்" என்றேன். "அந்தம்மா மாலை போடல. அவங்க புருஷன் செத்துட்டாரு. அதுக்குத்தான் கறுப்பு."

நீட்டிய கை அப்படியே நின்றது. திரும்பி என்னைப் பார்த்தார். ஒரு வருஷமாக நாங்கள் இருவரும் பேசாமல் விட்டதெல்லாம் அந்தப் பார்வையில் இருந்தது. புரிந்துவிட்டது அவருக்கு, நான் எதைக் கேட்கிறேன் என்று.

"வெளிநாட்டுக்காரங்களுக்கு அதெல்லாம் கெடையாதும்மா" என்றார், மெதுவாக.

"அப்போ எனக்கு மட்டும்தானா சார்?"

"அப்டி இல்லம்மா..."

"வேற எப்படி? ரெண்டு நாளா தங்கக் கைன்னு சொன்னீங்களே. அந்தக் கைக்கு ஒரு நியாயம், என் கைக்கு ஒரு நியாயமா? நான் வரதைப் பாத்து ஷட்டரை இறக்கினீங்களே சார். நான் டீக்கடையில நின்னுக்கிட்டிருந்தேன். உங்களுக்குத் தெரியும்."

என் குரல் உயர்ந்துவிட்டது. தம்பி கலவரத்தோடு என்ன என்று கேட்டார். இங்கிலீஷில் இரண்டே வாக்கியம் சொன்னேன். என் கணவரும் இறந்துவிட்டார், அதனால் இவர் என் கையால் காசு வாங்க மாட்டார். அவர் அக்காவுக்குச் சொன்னார். அந்த அம்மாள் என்னை ஒரு முறை மேலும் கீழும் பார்த்தார். பிறகு எடுத்த காசைப் பைக்குள் போட்டு, பையை மூடிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, தாடையால் என்னைக் காட்டினார். மொழிபெயர்ப்பு யாருக்கும் தேவைப்படவில்லை.

ஹோட்டல்காரர்கள் பிசின் ஸ்டாலுக்கு வந்துவிட்டார்கள். அடுத்தது நாங்கள். மேனேஜர் நடக்க ஆரம்பித்தார். நாலடி அந்தப் பக்கம், நாலடி இந்தப் பக்கம். புதுச் சட்டையின் முதுகு நனைந்துவிட்டது. சீப்பை எடுத்தார், வாராமலே பாக்கெட்டில் வைத்தார்.

நான் பர்ஸிலிருந்து பத்து ரூபாயை எடுத்து நீட்டினேன்.

"பயமா கீதும்மா" என்றார். அழுகிற மாதிரி இருந்தது குரல். "இந்த ஒரு ஆர்டர்தாம்மா. கடை போயிடும்மா. உனுக்கும் வேலை போயிடும். எனுக்கு உன் மேல ஒண்ணும் இல்ல, சத்தியமா ஒண்ணும் இல்ல. பயமா கீது."

"பயந்துக்கிட்டே வாங்குங்க சார்" என்றேன்.

வாங்கினார். கண்ணில் ஒற்றிக்கொள்ளப் போனவர் பாதியில் நிறுத்தினார். என்னைப் பார்த்தார். பிறகு ஒற்றிக்கொண்டார். துணியைத் தூக்கினேன்.

சமையல்காரர் எண்ணெயைத் தொட்டு, நன்றாக இருக்கிறது, ஆனால் எண்ணெய்க்கு எங்களுக்கு ஏற்கனவே ஆள் இருக்கிறது என்றார். அவர்களுக்கு வேண்டியது பாலாடைக்கட்டிதானாம். ஒரு துண்டை வாயில் போட்டார். மென்றார். இன்னொரு துண்டு. நான் அப்போது என்ன செய்துகொண்டிருந்தேன் என்றால், என் வலது கையைப் புடவைக்குள் மறைத்துக்கொண்டிருந்தேன். எனக்கே தெரியாமல். நான்தான் நியாயம் பேசியவள், நான்தான் நடுங்கவும் செய்தேன். ஒரு வருஷம் ஒருவர் கண்ணில் பயத்தைப் பார்த்தே பழகினால் அது நமக்கும் ஒட்டிக்கொள்கிறது.

"உப்பு ரொம்ப அதிகம். நம்ம ஆளுங்க சாப்பிட மாட்டாங்க" என்று அவர் அந்தப் பெண்மணியிடம் சொன்னார். தண்ணீரில் ஊறவைத்தால் குறையும் என்று தம்பி சொல்லிப் பார்த்தார். பெண்மணி சிரித்தபடி கைகூப்பி, மெயில் அனுப்புகிறோம் என்றார். அனுப்ப மாட்டார்கள் என்பது எங்கள் எல்லாருக்கும் தெரிந்தது. அதற்குப் பிறகு அன்று வந்தவர்களும் குறைவு. வந்தவர்களும் தேன் ஸ்டாலைக் கேட்டார்கள்.

மாலையில் வரிசையெங்கும் நீலத் துணியை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த அம்மாள் மிஞ்சிய பாட்டில் ஒன்றை என் பையில் திணித்துவிட்டு, கன்னத்தைத் தட்டிவிட்டுப் பெட்டி கட்டப் போனார். நானும் மேனேஜரும் மேஜைத் துணியை எடுத்தோம். காலையிலிருந்து அவர் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அப்போது முதலாளி போன் பண்ணினார். மேனேஜருக்குக் காது கொஞ்சம் மந்தம், எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவார்.

"என்னய்யா ஆச்சு?"

"ஆவல மொதலாளி."

"நேத்து அப்படிக் குதிச்சே. ரெண்டு நாள் நல்லாப் போய் மூணாம் நாள் எப்படிய்யா கவுந்துச்சு? இன்னைக்கு யாரு போணி?"

முதலாளி கேட்டது பாதி கிண்டல். ஆனால் மேனேஜரிடம் அந்தக் கேள்வியைக் கிண்டலாகக் கேட்க முடியாது. ஃப்ரிட்ஜ் கெட்டுப்போனால்கூட அன்று முதலில் படியேறியது யார் என்று யோசிக்கிறவர் அவர். எத்தனையோ பேர் மேல் அவர் அப்படிப் பழி போட்டு நான் கேட்டிருக்கிறேன். துணியின் ஒரு முனை என் கையில் இருந்தது. சொல்லட்டும், முகத்துக்கு நேராகச் சொல்லட்டும் என்று அவரையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. போனைப் பார்த்துத்தான் பேசினார்.

"போணி நல்ல போணிதான் மொதலாளி. சீஸ்ல உப்பு ஜாஸ்தி."

"உப்பா?"

"ஆமா. உப்பு. அவ்ளோதான்."